வைத்தியும் வடிவாம்பாளும்

கொத்தமங்கலம் சுப்புவைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்காக மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் எனக்கில்லை. விகடனில் வந்த தொடர்கதை, அதை வைத்து எடுத்த சிவாஜி படம் என்றால் நம் வட்டத்தில் பேச்சு அத்தோடு முடிந்தது. இந்தத் தீர்ப்பை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தீர்ப்பு பெரும்பாலும் சரி என்றே நானும் நினைக்கிறேன். பையனாக இருந்தபோது விழுந்து விழுந்து படித்த தொடர்கதைகளில் சிலவற்றை வயதான பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். பத்தாம் பக்கத்துக்கு மேல் நகரவில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. அதன் வசனநடையோ, படத்தில் உள்ள சங்கீதமோ, சிவாஜி கன்னத்தை உப்பி விரல் ஓட்டிய சாமர்த்தியமோ இதற்குக் காரணமில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். என்ன காரணம் என்பதுதான் தெரியாமலிருந்தது. இப்போது கொஞ்சம் தெரிகிறது போலிருக்கிறது.

காதல் ஹாஸ்யம் என்ற வகைக்குத் தமிழில் விமர்சனம் ஏதும் கிடையாது. இருவர் சேரப்போகிறார்கள்; முதல் அத்தியாயத்திலேயே வாசகனுக்கு அது தெரிந்துவிடுகிறது; அவர்களுக்கும் அரைகுறையாகத் தெரியும். மீதி முழுக்கத் தாமதம். சேர்வதை எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. தாமதத்தை எழுதுவதில்தான் ஆசிரியன் தன்னைக் காட்டிக் கொடுத்துக்கொள்கிறான். ஆகவே இந்த வகையைச் சேர்ந்த எந்தக் கதையிடமும் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: இவர்களை எது நிறுத்தி வைத்திருக்கிறது?

ஆங்கிலத்தில் இதற்கு ஜேன் ஆஸ்டின் 1813லேயே பதில் சொல்லிவிட்டாள். அவர்களை நிறுத்தி வைப்பது அவர்களேதான். அவன் கர்வம், அவளுடைய அவசர அபிப்பிராயம். 1996இல் ஹெலன் ஃபீல்டிங் பிரிட்ஜெட் ஜோன்ஸ் என்ற லண்டன் பெண்ணின் டயரியாக ஒரு நாவல் எழுதியபோது ஆஸ்டினின் டார்ஸியைப் பெயரோடு இரவல் வாங்கிக்கொண்டார். அதிலிருந்தும் அதைத் தொடர்ந்தும் 2001 முதல் 2025 வரை நாலு படங்கள் வந்துவிட்டன. இருநூறு வருஷத்துப் பூட்டு இன்னும் அதே சாவியில் திறக்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒன்று அவசியம்: ஒரு பெண் ஓர் ஆணை முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லுவதற்கு ஓர் அறையும், சொன்ன பிறகு அவள் உயிரோடு வீட்டுக்குத் திரும்புவதற்கு ஒரு பாதையும் அந்தச் சமூகத்தில் இருக்க வேண்டும். எலிசபெத்துக்கு அவை இருந்தன. நம் தொடர்கதாநாயகிகளுக்கு இல்லை. அதனால் நம் ஆசிரியர்கள் தாமதத்தை வெளியே தேடப் போனார்கள். மாறிப்போன கடிதம், ஆள்மாறாட்டம், அப்பாக்களின் பழைய சண்டை, ஊரிலிருந்து திடீரென்று வந்து இறங்கும் அத்தை. தேவன் இதில் நிபுணர். அவருடைய 'கோமதியின் காதலன்' 1955இல் டி. ஆர். ராமச்சந்திரனும் சாவித்திரியும் நடித்துப் படமாகவும் வந்தது. தேவனுடைய சிரிப்பு சுத்தமான சிரிப்பு. யாரையும் புண்படுத்தாது, யாரையும் தொடவும் தொடாது. ஆபீஸும் கோர்ட்டும் காபியும் உள்ள வீடுகளுக்குள் நடக்கும் விளையாட்டு அது. ஆட்டம் முடிந்ததும் காய்களைப் பெட்டியில் போட்டு மூடிவிடலாம்.

சுப்பு வேறு ஆள். பள்ளிப் படிப்பால் வந்தவர் இல்லை. கிராமத்துப் பேச்சிலும் நாடகத்திலும் வில்லுப்பாட்டிலும் கிடந்து, ஜெமினிக்குள் வந்து சேர்ந்தவர். ஐம்பதுகளின் பிற்பாதியில் 'கலைமணி' என்ற பெயரில் அவர் விகடனில் மோகனாம்பாளை எழுத, கோபுலு படம் போட்டார். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூல் கொண்டு தைத்து, அட்டை போட்டு வைத்திருந்த வீடுகள் எங்கள் நாகலாபுரத்திலேயே இருந்தன. அப்படித் தைத்த ஒரு பிரதியில்தான் நான் படித்தேன். நடுவில் சில வாரங்கள் இல்லை. அந்த வாரம் விகடன் யாருக்கோ இரவல் போயிருக்கும். அதனால் கதை எங்கும் அறுந்துவிடவில்லை என்பதை இப்போது யோசித்தால், தொடர்கதையைப் பற்றி நம் விமர்சகர்கள் சொல்லும் எல்லாக் குற்றச்சாட்டும் நியாயம்தான் என்று தோன்றுகிறது.

இருந்தாலும் சுப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். தமிழ்நாட்டில் ஓர் ஆணும் பெண்ணும் முன்பின் பழக்கமில்லாமல் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்து, கர்வப்பட்டு, சண்டை போட்டு, சவால் விட்டு, அதற்காக யாரும் அவர்களை வெட்டிப் போடாமல் இருக்கக்கூடிய ஓர் இடம் எங்கே இருக்கிறது? கோயில் திருவிழாவில், மேளக்காரனுக்கும் ஆட்டக்காரிக்கும் இடையில் இருக்கிறது. சிக்கல் சண்முகசுந்தரம் நாகஸ்வரம் வாசிக்கிறான். திருவாரூர் மோகனாம்பாள் ஆடுகிறாள். அவள் ஆட்டம் இவன் காதில் விழுகிறது, இவன் வாசிப்பு அவள் காலில் விழுகிறது. இருவருக்கும் தொழில் இருக்கிறது. தொழிலில் கர்வம் இருக்கிறது. ஆஸ்டினின் பூட்டைத் தமிழில் திறக்கும் சாவியைச் சுப்பு இப்படி எடுத்துவிட்டார். அவர் ஆஸ்டினைப் படித்திருந்தாரா என்ற ஆராய்ச்சி எனக்கு அவசியமாகப் படவில்லை.

ஏ. பி. நாகராஜன் 1968இல் இதைப் படமாக்கியபோது ஏராளமாக வெட்டினார். வெட்டியது நல்லதாயிற்று. நாவலில் பரந்து கிடந்த சண்டை படத்தில் கெட்டியாக நிற்கிறது. முக்கியமாக, வாசிப்பு. திரையில் சிவாஜிக்குப் பின்னால் வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமனும் பொன்னுச்சாமியும். இதை நான் சொல்லக் காரணம், எங்கள் பக்கத்து ஜனங்களின் காது. கோவில்பட்டி காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்த ஊர். அவர் 1964இல் போய்விட்டார். ஆனால் அவர் வாசித்த கல்யாணங்களும் கோயில்களும் ஜனங்களின் நினைவில் சூடு ஆறாமல் இருந்தன. விளாத்திகுளம் சுவாமிகள் அதற்கடுத்த வருஷம்தான் காலமானார். ஸ்வரம் தெரியாத ஆட்கள்கூட அவரைக் கேட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே பருத்தி எடுப்பார்கள். நாகஸ்வரக்காரனின் கோபம் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போது சபை கவனிக்காவிட்டால் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடும் சண்முகசுந்தரத்தைப் பார்த்து, சென்னையில் எப்படியோ, எங்கள் ஊரில் யாரும் அதை மிகை நடிப்பு என்று சொல்லவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை உடையிலும் உட்காரும் இடத்திலும் விட்டுக்கொடுக்காமல் நின்ற பிறகுதான் அந்தக் கோபத்துக்கு மரியாதை வந்தது. அதற்கு முன் பெரிய வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று வாசித்த தலைமுறைகள் எத்தனை. சண்முகசுந்தரத்தின் கர்வத்துக்கு அடியில் அத்தனை தலைமுறைகளின் குனிந்த முதுகு இருக்கிறது. வெறும் காதலனின் வீம்பாக அது மாறாமல் இருப்பது அதனால்தான்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில். வெளியூர்களில் ஓடி முடித்து, கோவில்பட்டியில் ஓடி முடித்து, பிரிண்டில் கோடு விழுந்த பிறகு எங்களிடம் வந்தது. 1970 கடைசியோ 71ஓ. கரிசல் தரையில் உட்கார முடியாது என்பதால் வைப்பாற்று மணலை வண்டியில் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். மழை பெய்துவிட்டால் கொட்டகைக்கு வருகிற பாதை காலைப் பிடித்துக்கொள்ளும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வேலிக்கருவேல் நிற்கிறது.

அந்தக் கொட்டகையில் ஒரே புரொஜக்டர். மூன்று நாலு தடவை விளக்கைப் போட்டுச் சுருளை மாற்றுவார்கள். விளக்கு எங்கே விழும் என்று நாகராஜனுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. கத்தி பட்டுச் சண்முகசுந்தரம் சாய்கிற இடத்துக்குக் கிட்டத்தில் ஒரு தடவை விளக்கு விழுந்தது. முறுக்கும் கடலையும் கலர் சோடாவும் சுற்றி வரும். அதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு விசாரணையே நடந்து முடிந்துவிடும்: அவன் கை திரும்ப வருமா, இவள் போய்ப் பார்ப்பாளா, ஆத்தாக்காரி விடுவாளா. விகடனில் வாராவாரம் அறுந்து வந்த கதையை நாகராஜன் ஒட்டி ஒரே படமாக்கினார். எங்கள் ஊர் புரொஜக்டர் அதை மறுபடி தொடர்கதையாக்கிவிட்டது. ஜனங்கள் அதை எப்படி வாங்கிக்கொள்ள வேண்டுமோ அப்படி வாங்கிக்கொண்டார்கள். இடைவெளியில்லாமல், ஏ.சி. தியேட்டரிலோ தொலைக்காட்சியிலோ பார்த்த தடவைகளில் இந்தப் படம் எனக்குச் சற்று நீளமாகத்தான் தோன்றியிருக்கிறது.

நான் சொல்ல வருவது இந்த இடைவேளைகளில் கேட்ட சிரிப்பைப் பற்றி. ஜனங்கள் காதலர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்ததெல்லாம் வைத்தியைப் பார்த்து. நாகேஷ் திரையில் வந்து, உடம்பை வளைத்து, வடிவாம்பாளிடம் சிங்கபுரம் மைனரின் ஐவேசியைப் பற்றி ஆரம்பித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது:

"ஏ, துண்டுக்குள்ள கையப் போட்டுட்டாண்டி!"

கொட்டகை அதிர்ந்தது. இதை விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலை பேசுவது வாயால் அல்ல. தரகன் தன் கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விற்கிறவனின் விரல்களைப் பிடிப்பான். எத்தனை விரல், எந்த விரல், எங்கே அழுத்துகிறான் என்பதில் விலை இருக்கிறது. பிறகு அதே துண்டோடு வாங்குகிறவனிடம் போவான். நூறு பேர் சுற்றி நிற்கும் சந்தையில், பட்டப்பகலில், யாருக்கும் தெரியாமல் பேரம் நடந்து முடியும். இரண்டு பக்கத்து விலையும் தெரிந்தவன் தரகன் ஒருவன்தான். அந்த வித்தியாசத்தில்தான் அவன் சாப்பாடு.

வைத்தி இதைத்தான் செய்கிறான். மைனரிடம் ஒன்று, வடிவாம்பாளிடம் ஒன்று, பிறகு மதன்பூர் மகாராஜாவிடம் இன்னொன்று. மோகனாவைத் தவிர மற்ற எல்லோருடைய விலையும் அவனுக்குத் தெரியும். மோகனாவுக்கும் விலை இருந்தே தீர வேண்டும் என்று அவன் நம்புகிறான். இந்த நம்பிக்கையில் துளி கெட்ட எண்ணம் கிடையாது என்பதுதான் நாகேஷின் மகத்தான கண்டுபிடிப்பு. தொழில் சுத்தம் உள்ளவன் அவன். சுப்புவுக்கும் இந்த ஆளைப் பற்றி உள்ளிருந்து தெரியும். 1947இல் ஆர். கே. நாராயணின் கதையை வைத்து ஜெமினி எடுத்த 'மிஸ் மாலினி'யில் சம்பத் என்ற புரட்டுக்காரனாக வந்தவர் சுப்புவேதான், இயக்கியதும் அவர். பேசியே பிழைக்கிறவனின் நாக்கை அவர் முதலில் தம் வாய்க்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிறகு காகிதத்தில் எழுதினார். சம்பத் பட்டணத்துப் பிறவி, அவனுக்கு வெட்கம் உண்டு. வைத்திக்குக் கிடையாது.

ஆக, காதல் ஹாஸ்யத்தின் மையம் நம்மிடம் இடம் மாறிவிட்டது. ஆங்கிலத்தில் சிரிப்பு காதலர்களுக்கு நடுவே நடக்கிறது. இங்கே தரகனைச் சுற்றி நடக்கிறது. இது குறை என்று முதலில் நினைத்தேன். நாயகனுக்கும் நாயகிக்கும் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொள்ளத் தெரியவில்லை, அந்த வேலையைக் கூலிக்கு ஒரு காமெடியனிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். ரயில் பெட்டிக் காட்சியை மறுபடி பார்த்தபோது அந்த வாதம் விழுந்தது. இரண்டு கோஷ்டியும் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. எதிரெதிரே சண்முகசுந்தரமும் மோகனாவும். நடுவில் தவில்காரர் முத்துராக்கு, பாலையா. சுற்றிலும் பக்கவாத்தியம், தாயார், உறவுகள். அத்தனை பேருக்கும் நடுவில் இருவர் கண்ணும் பேசுகின்றன, மறைக்கப்படுகின்றன, வேறு வழியாகப் போய்ச் சேர்கின்றன. துண்டுக்குள் விரல்கள் பேசுவது மாதிரி. காதலர்களும் தரகனின் வித்தையைத்தான் கையாளுகிறார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் யாருக்கும் தெரியாமல் பேசியாக வேண்டிய சமூகத்தில் காதலுக்கும் வியாபாரத்துக்கும் கிடைத்திருப்பது ஒரே மொழி. நாகராஜன் இதை யோசித்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. யோசித்து எடுத்திருந்தால் கெடுத்திருப்பார். அவர் யோசித்து எடுத்த இடங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அங்கெல்லாம் பாத்திரங்கள் நேராக நின்றுகொண்டு வசனம் பேசும்.

அன்று கொட்டகையில் எனக்குப் பக்கத்தில் பெரியம்மை உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அவள் மகள், எனக்கு அக்கா. பெரியப்பா இறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அக்கா தீப்பெட்டி ஒட்டுவாள். கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு ஏஜென்ட் கட்டையும் காகிதமும் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஒட்டின பெட்டிகளைக் குரோஸ் கணக்கில் எண்ணி எடுத்துப் போவான். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் குரோஸ் கணக்கில்தான். பெரியம்மை நன்றாகச் சிரிக்கக்கூடியவள். துண்டுக்குள் கையைப் போட்டுவிட்டான் என்று கத்தியது அவள்தான். ஆனால் வடிவாம்பாள் மகளோடு வழக்காடும் இடங்களில் அவளிடமிருந்து சத்தமே இல்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சி. கே. சரஸ்வதி அந்தத் தாயை ஆடிக் காட்டிய விதம் சிரிக்க வைக்கும். அக்காவும் சிரித்தாள். இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்தபோது பெரியம்மை மணலைக் கையில் அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, யாரும் கேட்காமலே, அவள் சொன்னாள்: "அவ ஆத்தா கேட்டதுல என்ன தப்பு? பிள்ள போயிட்டா அவ எதத் திம்பா?"

இந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. படம் அந்தக் கேள்வியை ஒரு தடவைகூட முகம் கொடுத்துக் கேட்கவில்லை. வடிவாம்பாள் பேராசைக்காரி, பணப்பேய், கடைசியில் திருந்துகிறவள். அவளைச் சிரித்துத் தீர்த்துவிட்டால் காதலர்களுக்கு வழி விடும். ஆனால் அவள் யார்? கோயிலோடும் பெரிய மனிதர்களோடும் பிணைத்துக் கட்டப்பட்ட ஒரு குலத்தின் பெண். மகளின் ஆட்டம்தான் அந்தக் குடும்பத்தின் நிலம், அதுதான் மழை. ஆதரிக்க ஒரு மைனரோ ஜமீனோ மகாராஜாவோ அமைந்தால்தான் வயோதிகத்துக்குச் சோறு என்பதை அவள் தன் தாயிடம் கற்றுக்கொண்டாள். பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. சுப்பு தொடரை ஆரம்பித்தபோது அதற்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. சட்டம் வழக்கத்தை நிறுத்தியது. அந்த வீடுகளில் உலை வைப்பது எப்படி என்று அது சொல்லவில்லை. வடிவாம்பாளின் கணக்கு அந்த இடைவெளியில் நின்றுகொண்டு போடப்பட்ட கணக்கு. விகடன் வாசகனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததைத் தெரியாதது மாதிரி வைத்துக்கொண்டு சிரிக்க ஒரு வசதி வேண்டியிருந்தது, சுப்பு அதைச் செய்துகொடுத்தார்.

இதே உலகத்தைப் பற்றி, அதிலேயே பிறந்து, அதிலிருந்து வெளியே வந்து போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் ஒரு நாவல் எழுதினார்: 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. அதிலும் மைனர் உண்டு, தரகு உண்டு, கணக்குப் போடும் தாய் உண்டு. பிரச்சார நாவல்தான்; கலை என்று பார்த்தால் சுப்புவின் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் அதில் யார் யாரை விற்கிறார்கள், யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. துண்டை எடுத்துவிட்டு விரல்களைக் காட்டுகிறார் அம்மையார். சுப்பு துண்டின் மேல் சரிகை போட்டார். நான் சுப்புவை ரசித்து அம்மையாரைக் கடமைக்காகப் படித்தவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். நம் ரசனை என்று நாம் பீற்றிக்கொள்வது எந்தத் துணியில் நெய்யப்பட்டது என்று சில சமயம் கவலை வருகிறது.

படம் செய்யும் பெரிய மோசடி கடைசியில் இருக்கிறது. மகாராஜா மனம் மாறுகிறார். தவறை உணர்ந்துவிடுகிறார். பணம் உள்ளவன் திருந்திவிட்டால் தரகன் தானாக அடங்கிவிடுவான், தாய் தானாகக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், கல்யாணம் நடந்துவிடும். அவ்வளவு நேரம் விரலுக்கு விரல் விலை பேசிவிட்டு, கடைசியில் மாட்டை இனாமாக அவிழ்த்துவிடுகிற மாதிரி. சந்தையில் இப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை. இங்கே ஆஸ்டினை மறுபடி நினைத்துக்கொள்கிறேன். அங்கேயும் ஒரு வடிவாம்பாள் இருக்கிறாள். ஐந்து பெண்களைப் பெற்ற திருமதி பென்னட். ஓயாமல் கல்யாணம் கல்யாணம் என்று அரற்றி எல்லோராலும் சிரிக்கப்படுகிறவள். ஆண் வாரிசு இல்லாததால் கணவன் செத்த மறுநாள் வீடு வேறொருவனுக்குப் போய்விடும் என்பது அந்த நாவலில் ஆரம்பத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. ஆஸ்டினும் அவளைப் பார்த்துச் சிரிக்கத்தான் சிரிக்கிறாள். ஆனால் அவள் பயத்துக்குக் காரணமான பத்திரத்தை மேஜை மேல் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். வாசகன் எந்தப் பக்கத்திலும் அதை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். சுப்புவும் நாகராஜனும் பத்திரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். கணக்குப் பார்க்கிறவளை விட்டுவிட்டு மற்ற எல்லோரும் காதலைப் பற்றிப் பேசலாம் என்ற இந்த ஏற்பாடுதான் நம் பத்திரிகைக் காதலின் உயிர்நாடி. மோகனாம்பாள் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பதற்குக் காரணம், பூட்டி வைத்த பெட்டி இதில் கூடத்திலேயே இருக்கிறது. மற்றவற்றில் பெட்டியே கிடையாது.

1970இல் இதே நாகராஜன், இதே சிவாஜி பத்மினியை வைத்து, சுப்புவின் இன்னொரு விகடன் தொடரான 'ராவ் பகதூர் சிங்கார'த்தை 'விளையாட்டுப் பிள்ளை' என்று எடுத்தார். ஜெமினி தயாரிப்பு. ஒரு வரிசை ஆரம்பமாகப் போகிறது என்று யாரும் நினைத்திருக்கலாம். ஆகவில்லை. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அதைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதிலிருந்து ஒரு ஆளையாவது பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கவில்லை என்பதைத் தவிர. பிறகு வந்த காலத்தில் பத்திரிகை நாவல்கள் சினிமாவுக்குள் வேறு வேஷத்தில் நுழைந்தன. மகரிஷியின் 'புவனா ஒரு கேள்விக்குறி', சுஜாதாவின் 'காயத்ரி' இரண்டும் 1977. மறு வருஷம் 'ப்ரியா'. கொலை வந்தது, ஏமாற்றப்பட்ட பெண் வந்தாள், சிரிப்பு கழன்றுகொண்டது. 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாகப் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, வந்தியத்தேவனிடம் அந்தப் பழைய காதல் ஹாஸ்யத்தின் மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ராஜ்ய காரியம் அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

எங்கள் கரிசல்காட்டு எழுத்திலிருந்தும் படங்கள் வந்திருக்கின்றன. கி.ரா.வின் 'கிடை'யை அம்ஷன் குமார் 2003இல் 'ஒருத்தி' என்று எடுத்தார். பூமணியின் 'வெக்கை' 2019இல் 'அசுரன்' ஆயிற்று. 'கிடை'யில் இருப்பதும் காதல்தான். மேல்சாதிப் பையன், தாழ்த்தப்பட்ட பெண். ஆடுகள் பருத்திக்காட்டை மேய்ந்து அழித்துவிட, யார் குற்றம் என்று ஊர் விசாரிக்கப் போய், காதல் வெளியே வருகிறது. விசாரணை நடக்கிற விதத்தில் கி.ரா.வுக்கே உரிய சிரிப்பு எங்கும் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய மனுஷனும் ஒவ்வொரு விதமாகத் தடம் பார்க்கிறான். ஆனால் பெண்ணின் பக்கம் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. கி.ரா. நிறுத்திவிடுகிறார். அங்கே தரகனுக்கு வேலை இல்லை, ஏனென்றால் அந்த இருவருக்கும் இடையில் பேரமே சாத்தியமில்லை. விலை சொல்லக்கூட அவளுக்கு உரிமை கிடையாது. சிக்கலாரும் திருவாரூராளும் ஒரே குலத்துக் கிளைகள் என்ற வசதியின்மேல்தான் சுப்புவின் ஹாஸ்யம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. பணத்தைத் தாண்டினால் போதும், சாதியைத் தாண்ட வேண்டியதில்லை. நாகலாபுரம் கொட்டகையில் மணலில் தனித்தனிக் கும்பலாக உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோராலும் ஒன்றாகச் சிரிக்க முடிந்ததும் அதனால்தான் போலும்.

வைத்தியின் கலையை வியந்துகொண்டே வடிவாம்பாளுக்காக வாதாடுவது முரண்பாடு என்று ஒரு நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார். முரண்பாடுதான். எனக்கு இந்தப் படம் பிடித்திருக்கிறது. அது பெரியம்மையை ஏமாற்றியது என்பதும் எனக்குத் தெரிகிறது. இரண்டில் ஒன்றைக் கைவிட்டால் எழுத்து நேராக நிற்கும் என்று தெரிந்தே இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்கு அதற்கப்புறம் நாலு வருஷம் கழித்துத்தான் கல்யாணம். இடையில் மூன்று இடம் வந்து தட்டிப்போனது. தட்டிவிட்டது பெரியம்மை என்று ஊரில் பேச்சு. கடைசியில் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு தரகர் வந்தார். நல்ல வாய். திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசிக்கொண்டிருக்க, அக்கா உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டு, "லே, வைத்தி வந்திருக்கான்டா" என்றாள். பெரியம்மை காப்பித் தம்ளரோடு வெளியே போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.